பழுப்பு வயர்

வேம்புலி குடியிருந்த கட்டடத்தில் அவன் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி வைத்திருந்தான். பெயரையும் பாதியாக வெட்டி 'வேம்பு' என்று பலகையில் போட்டிருந்தான். முழுப் பெயரைச் சொன்னால் எந்தப் பக்கத்து ஆள் என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளறைக் கதவைத் தாழிடுவான். கண்ணாடியைப் போட்டு, முழங்கை வரை ஏறும் கையுறைக்குள் கையை விட்டால், அவன் கை நகரத்தின் ஏதோ ஒரு தெருவில் சாக்கடைக் குழிக்குள் இருக்கும். நாற்றம் மட்டும் வராது.

மனிதன் குழிக்குள் இறங்குவது நின்றுபோயிருந்தது. வேம்புலியின் அப்பா இறங்கினார். ஒருநாள் ஏறி வரவில்லை. இப்போது இறங்குவது நண்டு. ஆறு கால், இரண்டு கொடுக்கு, நெற்றியில் விளக்கு. அதை யாராவது வீட்டிலிருந்து ஓட்ட வேண்டும். அந்த யாராவது, முன்பு இறங்கிக்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகளாகவே இருந்தார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. ஆள் எடுக்கும்போது அப்படித்தான் அமைந்தது.

சட்டம் வேறொன்றுக்கு இருந்தது. தூரத்திலிருந்து இயந்திரம் ஓட்டுகிறவர்களின் வீட்டுக்குக் கம்பெனி தனி வயர் இழுத்துத் தரும். யாரும் தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்பதால் வயர் சுவருக்கு வெளியே, கண்ணில் படும்படி ஓட வேண்டும். தொழிலுக்கு ஒரு நிறம். ஆபரேஷன் செய்யும் டாக்டர் வீட்டுக்கு நீலம், துறைமுகக் கிரேனுக்குப் பச்சை, சாக்கடைக்குப் பழுப்பு. நிறம் பிரித்தவர்கள் பாதுகாப்பை நினைத்துத்தான் பிரித்திருப்பார்கள். தெருவில் அதற்கு வைத்த பெயர் பீ வயர்.

நீல வயர் ஏறின கட்டடத்தில் வாடகை கூடும். பழுப்பு வயர் ஏறினால் கீழ்வீட்டுக்காரன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்வான்.

வேம்புலி வயர் வேண்டாம் என்றான். 'என் வீட்டு வைஃபை வயருக்கு நிகரானது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கடையில் கிடைத்ததிலேயே பெரிய பேக்கேஜாகத்தான் வாங்கியிருந்தான். வேகம் காட்டும் முள் கடைசிக் கோட்டில் போய் நிற்கும். முழு சினிமாவும் கண் சிமிட்டுவதற்குள் இறங்கிவிடும்.

ஆனாலும் நண்டு விக்கும், நின்று நின்றுதான் அசையும். வீட்டில் மூவரும் போனை அணைத்து வைப்பார்கள். மனைவி தேசம்மா துவைக்கிற மெஷினின் வைஃபையைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள். அப்படியும் விக்கும்.

படிக்கட்டில் ஒருநாள் அசோசியேஷன் செயலாளர் கருணாகரன் பிடித்துக்கொண்டார். மூன்றாவது மாடிக்காரர், வெளிநாட்டு வங்கிக்குக் கணக்குப் பார்க்கிறவர் என்று பேச்சு.

"வேம்பு சார், பின்தெருவுல பாத்தீங்களா? புதுசா வெள்ளை அடிச்ச சுவத்துல பழுப்பு வயரு. தொங்குது."

"பாக்கல சார்."

"பாருங்க. ஓனர் பாவம், தெரியாம குடுத்துட்டாரு. நல்ல வேளை, நம்ம பில்டிங்ல எல்லாம் டீசன்ட் ஆளுங்க."

"ஆமா சார்" என்றான் வேம்புலி. அந்த ஆமாவை அவன் சரளமாகச் சொன்னான். அதுதான் பிறகு நினைக்க நினைக்கக் கூசியது.

*

அன்றைக்கு வேலை ஓட்டேரிப் பக்கம் ஒரு சந்தில். குழிவாயில் நின்றது காத்தவராயன். நண்டைச் சங்கிலியில் இறக்குவது, ஏற்றுவது, கொடுக்கில் சிக்கிய துணியையும் முடியையும் கையால் பிடுங்கிப் போடுவது அவன் வேலை. வருடக் கணக்காக இருவரும் ஜோடி. நேரில் பார்த்ததில்லை, காதில் குரல் மட்டும்.

"இன்னா இன்சூரன்ஸ், துன்ட்டியா?"

கட்டடத்தில் சொல்லி வைத்த பொய்யைப் பற்றி வேம்புலி காத்தவராயனிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அதுதான் அவன் பெயர்.

"இட்லி. நீ?"

"நம்மளுக்கு இன்னா, வயித்துல போட்டா மேல வந்துடும். இந்தக் குழில ஒரு கல்யாணமே முழுகிக் கெடக்குது. வாழ இல, டம்ளரு எல்லாம் கீது. பாத்து எட்றா."

நண்டு உள்ளே போய்ச் சேற்றை வாரி மேலே வந்தது. கொடுக்கில் ஒரு புடவைத் துணி சுற்றியிருந்தது. வேம்புலி கொடுக்கை மூடிப் பிடிக்கப் பார்த்தான். கண்ணாடிக்குள் கொடுக்கு அசையவில்லை. மறுபடி மூடினான். படம் உறைந்து நின்றது. சரி, விட்டுவிடலாம் என்று கையைத் தளர்த்தினான்.

கொடுக்குக்குள் கை விடுமுன் குழிவாய்க்காரன் "கை உள்ள" என்று கத்த வேண்டும். ஓட்டுகிறவன் கையுறையை விட்டுக் கையை எடுத்துவிட்டு "உள்ள" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் கை போகலாம். எல்லாக் குழியிலும் இதுதான் முறை.

"கை உள்ள!"

"உள்ள" என்றான் வேம்புலி, கையுறையிலிருந்து கையை உருவியபடி.

கண்ணாடியில் இன்னும் திறந்த கொடுக்குதான் தெரிந்தது. யாருடைய கையும் தெரியவில்லை. காதில் அலறல் வந்தது. அதன் பிறகு படம் நகர்ந்து, இரண்டு முறை மூடிக்கொண்ட கொடுக்கைக் காட்டியது.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் வேம்புலியை ஏற இறங்கப் பார்த்தாள். இஸ்திரிச் சட்டையைத்தான் முதலில் பார்த்தாள்.

"யாரு நீங்க?"

"நான்... காத்துகூட வேலை செய்யறேன்."

"ஓ. அந்தக் கொரலா நீ?" காத்தவராயனின் மனைவி சொர்ணம் அது. "உள்ள போ. உனக்காவத்தான் கண்ணைத் தொறந்து வச்சிக்கினு கீறாரு."

வலது கை கட்டுக்குள் இருந்தது. கட்டின் வடிவம் கையின் வடிவமாக இல்லை. காத்தவராயன் குரலை வைத்துக் கற்பனை செய்ததைவிடக் குள்ளமாக இருந்தான்.

"நீ செவப்பா இருப்பன்னு நெனச்சேன் நைனா" என்றான் காத்தவராயன். "நம்மாளு கலருதான்."

வேம்புலிக்குச் சிரிக்கத் தெரியவில்லை. "நான் 'உள்ள'ன்னு சொன்னேன் காத்து. கையை எடுத்துட்டுத்தான் சொன்னேன்."

"சொல்லியிருப்ப. வந்து சேரல."

"அப்ப நீ ஏன் கைய வுட்ட?"

"நீ 'உள்ள'ன்னு சொல்லி அது வந்து சேர்றதுக்குள்ள ஒரு பீடி புடிச்சிரலாம். காத்துக்கினு நின்னா ஒரு நாளைக்கு எத்தினி குழி முடியும்? நீ எடுத்துருப்பன்னு ஒரு கணக்குல வுட்டுடுவேன். இத்தினி நாளா அப்படித்தான்."

"இத்தினி நாளாவா?"

"அட வுடு."

வேம்புலி கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். "என் வீட்ல வயர் கெடையாது, காத்து."

"தெரியும்."

"எப்படி?"

"வயருல ஓட்றவன் நண்டு பூனை மாதிரி நடக்கும். உன்து குடிச்சவன் மாதிரி வரும். அது தெரியாத குழிவாய்க்காரன் ஒருத்தன் கீறானா? ஏன் வச்சிக்கலன்னு நான் கேக்கல பாத்தியா? என் பொண்ணு இஸ்கூல்ல நான் லாரி டிரைவரு. அவ்ளோதான், போ."

திட்டியிருந்தால் வேம்புலி நிமிர்ந்து வெளியே வந்திருப்பான்.

*

மேலாளர் உமையாள் போனில் தெளிவாகப் பேசினாள்.

"பதிவுல இருக்கு மிஸ்டர் வேம்புலி. உங்க பதில் வர்றதுக்கு முன்னாடியே அவர் கை உள்ள போயிருக்கு. உங்க லைன் வயருக்கு நிகர்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப உங்க பக்கம் தப்பு இல்லை."

"அவருக்கு என்ன ஆகும் மேடம்?"

"விதியை மீறினா வேலை போகும். வைத்தியமும் அவர் பாடு."

"என் லைன்தான் லேட்டுன்னா?"

"அதை வந்து அளக்கணும். எங்க ஆளு வருவாங்க. வண்டி, யூனிஃபார்ம் எல்லாத்தோடயும். அளந்து லேட்டுன்னு வந்தா அவருக்கு எல்லாம் கிடைக்கும். உங்களுக்குப் பழுப்பு வயர் கட்டாயம். யோசிச்சுச் சொல்லுங்க. பேசாம இருந்தாலே போதும், உங்களுக்கு ஒண்ணும் இல்லை."

வீட்டில் சொன்னான். தேசம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தினி வூட்டு வாசல்ல நின்னோம். 'எந்தப் பக்கம் நீங்க'ன்னு கேட்டவன் எல்லாம் மூஞ்சியைத் திருப்பிக்கினான். இங்கதான் ஒருத்தரும் கேக்கல. இப்போ நாமளே போயி செவுத்துல எழுதி வைக்கணுமா?"

"ஒரு ஆளோட கை போயிருக்கு தேசம்மா."

"நான் இல்லன்னு சொல்லல" என்றாள். கீரைத் தண்டை ஒடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மகள் பிரமிளா கல்லூரியில் கடைசி வருடம். இதே கட்டடத்தில் அவளோடு படிக்கும் பெண்கள் இருந்தார்கள். அவள் அழவில்லை, பேரம் பேசினாள்.

"படிப்பு முடியட்டும்பா. அதுக்கப்புறம் ஊரு முழுக்க வயர் இழு. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப வேணாம்."

"அவருக்கு அதுவரைக்கும்..."

"நான் கெட்டவ மாதிரி பேசறேன்னு எனக்கே தெரியுதுப்பா. பேச வைக்காத."

வேம்புலி உமையாளுக்குப் போன் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். வேறொரு குழி, வேறொரு குரல். தினமும் உள்ளறைக்குப் போய்த் தாழிட்டான். புதுக் குழிவாய்க்காரன் சின்ன வயசு. "கை உள்ள" என்று கத்திவிட்டுப் பதில் வரும்வரை காத்து நின்றான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்க வேம்புலிக்கு மனசு தாளவில்லை.

அப்போதுதான் சொர்ணம் கூப்பிட்டாள்.

"விசாரண முடிஞ்சிபோச்சு, தெரியுமா?"

"எப்படிம்மா? யாரும் என்னைக் கேக்கலியே."

"ஏன் கேக்கணும்? என் தப்புதான்னு இவுரு கைநாட்டு வச்சிட்டாரு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளுதான். கையெழுத்துப் போட வெரலு இல்ல, எடது கைல வச்சாரு. உன்னை நோண்டக் கூடாதாம். உன் பொண்ணு படிக்குதாம். 'அவனுக்கு ஒரு வூடாவது நிக்கட்டும்டி'ன்றாரு." மூச்சு வாங்கினாள். "நல்லா இருங்க. நான் வயித்தெரிச்சல்ல சொல்லல. நல்லாவே இருங்க."

வேம்புலி கையுறைகளைத் தள்ளி வைத்தான். பிறகு உமையாளின் எண்ணை அழுத்தினான். "ஆளை அனுப்புங்க" என்றான். "வண்டியோட."

*

பழுப்பு வண்டி வாசலில் நின்றது. பழுப்புச் சட்டையில் இறங்கியவள் ஷகிலா பானு. வாயில் பபுள்கம், கையில் அலை பார்க்கும் கருவி. மாடிகளில் ஜன்னல் திரைகள் அசைந்தன. தேசம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தலைவலி என்றாள்.

ஷகிலா உள்ளறையில் கருவியை வைத்தாள். "பேக்கேஜ் பெருசாத்தான் வாங்கியிருக்கீங்கண்ணே. ஊரையே டவுன்லோட் பண்ணலாம்."

"அப்ப ஏன்மா விக்குது?"

"வேகம் வேற, நேரத்துக்கு வந்து சேர்றது வேறண்ணே. லாரி நெறைய சரக்கு வரும், ஆனா சிக்னல்ல நிக்கும். படம் பாக்க அது போதும். கைக்குப் போதாது." கருவியைத் திருப்பினாள். "காத்துல வர்ற வைஃபைன்றது தெருக்குழாய். நண்டு ஓட்டறதுக்குன்னு அதுல ஒரு சின்னப் பைப்பு ஒதுக்கியிருக்காங்க. ஒருத்தர் குடம் வச்சா இன்னொருத்தர் நிக்கணும். நின்னதெல்லாம் சேந்து ஒரேயடியா போவும். நீங்க மூடினது அப்படித்தான் போயிருக்கு, லேட்டா, மொத்தமா. வயருன்னா வீட்டுக்குள்ள தனிக்குழாய்."

"இங்க நான் ஒருத்தன்தானேம்மா நண்டு ஓட்டறேன்? யாரு குடம் வைக்கறாங்க?"

ஷகிலா மெல்லுவதை நிறுத்தினாள். கருவியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். வெளியே வந்து படியேறினாள். வேம்புலி பின்னால் போனான்.

இரண்டாவது மாடியில் கருவி முணுமுணுத்தது. அங்கே ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் மரகதவல்லியின் வீடு. எதிரில் ஏற்றுமதி வியாபாரம் என்று சொல்லிக்கொள்ளும் அண்ணன் தம்பி. அந்தக் கதவுக்கும் முணுமுணுத்தது. மூன்றாவது மாடியில் ஏறும்போதே சத்தம் கூடியது. கருணாகரன் வீட்டு வாசலில் அது ஓயவே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"அண்ணே" என்றாள் ஷகிலா குரலைத் தாழ்த்தி. "இந்த ஒரு பில்டிங்ல எட்டு ஒம்போது பேர் நண்டு ஓட்றாங்க. எல்லாம் வயர் வேணாம்னு எழுதிக் குடுத்தவங்க. ஒருத்தர் தொண்டைய ஒருத்தர் புடிச்சிக்கினு கீறீங்க."

எந்தப் பக்கம் என்று இங்கே யாரும் ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் வேம்புலிக்குப் புரிந்தது.

அவள் அடுத்த கதவுக்குக் கருவியை நீட்டினாள்.

"போதும்மா" என்றான். "வேற எந்த வாசல்லயும் காட்டாத."

"பேரு எதுவும் ரிப்போர்ட்ல வராதுண்ணே. லைன் நெரிசல்னு மட்டும்தான் வரும். உங்களுக்கு அது போதும், அந்த ஆளுக்கும் போதும்."

"என்னோடதை வயர் ஆக்கிட்டா?"

"ஒரு குடம் கொறையும். மத்தவங்களுக்குக் கொஞ்சம் நல்லா வரும்."

அன்று மாலையே பழுப்பு வயர் முகப்புச் சுவரில் ஏறியது. ஆணி அடிக்கும் சத்தத்துக்கு ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

*

காத்தவராயன் மேல் தப்பில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. வைத்தியத்தை ஏற்றது, குழிவாயில் நிற்க முடியாது என்பதால் வண்டியில் உட்காரும் வேலை கொடுத்தது. பொய்க் கையெழுத்துக்காக வேம்புலியின் சம்பளத்தில் பிடித்தார்கள். காத்தவராயன் போன் பண்ணித் திட்டினான். "உன்ன யார்ரா கேட்டா? கேணையா." கடைசியில் பட்டென்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்தும் இடத்தில் அசோசியேஷன் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். வேம்புலி குடும்பம் உட்கார்ந்த வரிசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பிரமிளா வர மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கடைசி நிமிடத்தில் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கருணாகரன் எழுந்தார். "யாரையும் புண்படுத்த இல்ல. எல்லா வேலையும் உசந்த வேலைதான். ஆனா பொய் சொல்லிக் குடி வந்தது தப்பு. இன்சூரன்ஸ்னு சொன்னாரு. பலகையில பேரைக்கூட மாத்தி..."

"மோசடி சார் இது" என்றான் ஏற்றுமதி அண்ணன்.

"எங்க வீட்ல பூஜை எல்லாம் நடக்குது" என்றான் தம்பி.

"வயரைக் கழட்டணும். இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணும்" என்றார் கருணாகரன். "அதான் எல்லாரோட அபிப்பிராயமும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எந்தக் கதவு முணுமுணுத்தது என்று வேம்புலிக்குத் தெரியும். யார் சத்தம் அதிகமோ அந்தக் கதவுதான் அதிகமாக முணுமுணுத்தது. தேசம்மாவுக்கும் இரவே சொல்லியிருந்தான். அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். முகம் சிவந்து வாய் திறந்திருந்தது. அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

எழுந்து நின்றான். பேச நிறைய வைத்திருந்தான். படிக்கட்டில் தான் சொன்ன 'ஆமா சார்' நினைவுக்கு வந்து, அதையெல்லாம் பேசும் யோக்கியதையைப் பறித்துக்கொண்டது. இந்தக் கூட்டத்தில் வேறு யாருக்காவது வயர் ஏறியிருந்தால் அவனும் அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து தலையாட்டியிருப்பான்.

"ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றான். மூன்று வருடமாக ஒட்டவைத்திருந்த சுத்தத் தமிழ் நாக்கில் வரவில்லை. "என் வூட்டுக்கு வயர் ஏறுனதுல இருந்து, உங்க வூட்ல எல்லாம் லைனு கொஞ்சம் நல்லா வருதா?"

கருணாகரன் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஏற்றுமதி அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான். தன் வீட்டையும் வேம்புலி வீட்டையும் தவிர நண்டு ஓட்டுகிற வேறு வீடு இங்கே இருக்கிறது என்று அந்த நிமிடம்வரை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு தலையாகத் திரும்பி, அடுத்த தலையைக் கண்டதும் கவிழ்ந்தது.

குத்துவதற்காகத்தான் கேட்டான். குத்திவிட்டது. எட்டு வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், தெருவில் ஆட்களின் துணியை உருவிவிட்ட மாதிரி அவனுக்குக் கூசியது.

பின்வரிசையில் டியூஷன் மரகதவல்லி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறவள். அவனிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"வருதுண்ணா" என்றாள். "இப்பல்லாம் விக்கவே மாட்டுது."

ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கருணாகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிராமலே சொன்னார்:

"சரி, அடுத்து... மோட்டார் ரிப்பேர் விஷயம்."